செவந்தியின் முதுகில் ஓர் இடம்

கோரைக்குளத்தில் ஒரு முக்குளிப்பான் பறவை இருந்தாள். கழுத்து செக்கச்செவேல் என்று இருக்கும். அதனால் அவளுக்குச் செவந்தி என்று பெயர். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்துக் குவித்தால் அதற்குள் அடங்கிவிடுகிற உருவம். மிதந்துகொண்டே இருப்பாள். சட்டென்று காணாமல் போவாள். யாரும் நினைக்காத இடத்தில் தலையைத் தூக்குவாள்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. மார்கழியில் அவள் நான்கு முட்டை இட்டாள். இரண்டைப் பாம்பு தின்றது. ஒன்று கூமுட்டையாகப் போயிற்று. புருஷனைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. மிச்சம் ஒரே ஒரு முட்டை. அதை விட்டு அவள் அங்கே இங்கே நகரவில்லை.

அப்போது ஒருநாள் காலையில் பக்கத்துப் புதரிலிருந்து பங்கஜம் வந்தாள். பங்கஜம் ஒரு நாமக்கோழி. கன்னங்கரேல் உடம்பு, நெற்றியில் பட்டையாக வெள்ளை நாமம்.

"செவந்தி, அறுப்பு ஆரம்பிச்சிட்டாங்களாம். வயல்ல நெல்லு கொட்டிக் கெடக்காம். ஒரு நடை போயிட்டு வந்துடறேன். நீ சும்மாதானே உக்காந்திருக்கே? எம் பிள்ளைக ரெண்டையும் கொஞ்சம் பாத்துக்கோ."

செவந்தி சரி என்றாள். அடைகாக்கிறவளுக்கும் பேச்சுத்துணை வேண்டுமே.

மறுநாள் பங்கஜத்தின் பிள்ளைகளோடு இலைக்கோழி அண்ணனின் பிள்ளைகள் மூன்றும் வந்தன. இலைக்கோழிக் குடும்பத்தில் முட்டையிடுவது மட்டும்தான் அம்மா வேலை. அடைகாப்பது, வளர்ப்பது எல்லாம் அப்பா தலையில். அந்த அண்ணன் தாமரை இலை நோகாமல் நடந்து வந்து, "தங்கச்சி, உனக்குத் தொந்தரவு. எனக்கு வேற வழியும் தெரியலை" என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் வாத்து வீட்டிலிருந்து நான்கு.

ஆக மொத்தம் ஒன்பது பிள்ளைகள். மாலையில் பெற்றவர்கள் திரும்பும்போது ஆளுக்கு ஒரு வாய் இரை கொண்டுவந்து செவந்திக்குக் கொடுப்பது என்று பேச்சு. சில நாள் கொண்டுவந்தார்கள். சில நாள் மறந்தார்கள். அவள் கேட்கவில்லை.

முட்டையைப் பாசியால் மூடிவைத்துவிட்டு, கூட்டுக்குப் பக்கத்திலேயே செவந்தி பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தாள். எது பாசி, எது பாம்பு என்று காட்டிக்கொடுத்தாள். மீன் ஊட்டுவதற்கு முன்னால் தன் நெஞ்சிலிருந்து ஒரு சின்ன இறகைப் பிடுங்கி, தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு வாயிலும் வைப்பாள். முக்குளிப்பான்கள் பிள்ளை வளர்ப்பது அப்படித்தான். இறகு வயிற்றில் மெத்தை மாதிரி கிடக்கும். மீன் முள் குத்தாது.

அழுகிற பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொள்வாள். அவள் முதுகில் நான்கு பேருக்கு இடம் உண்டு. இரண்டு பக்கமும் இறக்கையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால், நடுவில் தொட்டில் மாதிரி ஒரு பள்ளம் விழும்.

ஒருநாள் அந்த ஒற்றை முட்டை பொரிந்தது. முகத்தில் வெள்ளையும் கறுப்புமாய்க் கோடு கோடாக, அலகு நுனியில் ஒரு சிவப்போடு ஒரு பெண் குஞ்சு. செவந்தி அவளுக்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்து முடிப்பதற்குள் வாத்துக் குஞ்சு ஒன்று பாசிக்குள் சிக்கிக்கொண்டு கத்தியது. செவந்தி ஓடினாள்.

பொட்டு கண் திறந்து முதலில் பார்த்தது, அம்மாவின் முதுகில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து போவதைத்தான்.

மறுநாள் காலையில் அவள் தண்ணீரில் தத்தித் தத்தி வந்து கேட்டாள்.

"அம்மா, இன்னிக்கு எனக்கு எடம் இருக்கா?"

செவந்தி திரும்பிப் பார்த்தாள். பங்கஜத்தின் சின்னவன் மேலே உட்கார்ந்து அம்மா வேண்டும் என்று தேம்பிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் இலைக்கோழிக் குஞ்சு விரலைச் சுருட்டிக்கொண்டு நடுங்கியது. யாரை இறக்கிவிடுவது? இதுகளின் அம்மாவும் அப்பாவும் எங்கேயோ வயலில். பொட்டுக்குத்தான் அம்மா கண்ணெதிரே இருக்கிறாளே.

"நாளைக்கு ஏறிக்கலாம் கண்ணு. இன்னிக்கு என் பக்கத்திலேயே வா."

பொட்டு அழவில்லை. அழுகிற பிள்ளைக்குத்தான் அங்கே இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"மேலேருந்து பாத்தா அக்கரை அல்லிப்பூ எல்லாம் தெரியுது" என்றான் பங்கஜத்தின் சின்னவன், தேம்பலை நிறுத்திவிட்டு. "உனக்குத் தெரியுதா?"

பொட்டு கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கோரைத் தண்டுதான் தெரிந்தது.

முக்குளிப்பான் குஞ்சுக்கு முதுகுக் காலம் கொஞ்ச நாள்தான். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று. அதற்குப் பிறகு உடம்பு கனத்துவிடும். முங்கப் பழகிவிடும். முதுகு வேண்டியிருக்காது. செவந்திக்கு இது நன்றாகத் தெரியும். கூட்டில் இரவெல்லாம் பொட்டுவை அணைத்துக்கொண்டுதான் தூங்கினாள். ஆனால் அணைப்பு வேறு, முதுகு வேறு. தன் முதுகில் தன் பிள்ளை உட்கார்ந்து, பிடரியில் அலகை வைத்துக்கொண்டு குளத்தை வேடிக்கை பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை. அக்கரை அல்லி வரைக்கும் ஒரு நடை. அவள் ஆசை அவ்வளவுதான்.

நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று நாள் போயிற்று.

செவந்திக்குத் துணையாக நாச்சி என்று ஒரு தாழைக்கோழி இருந்தாள். சிவந்த மூக்கு, படபடவென்று பேச்சு. அவள் ஒருநாள் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, பெரிய ஏரியில கூழைக்கடாவுங்க பிள்ளைக்கூடம் ஆரம்பிச்சிருக்காங்க. வேளாவேளைக்கு மீன் தராங்களாம். நான் போறேன். கோவிச்சுக்காதே."

"நீ போனா நான் ஒண்டியா எப்படி நாச்சி?"

"எனக்கு மட்டும் இஷ்டமாக்கா? நேத்து சாயங்காலம் மூணு வீட்டிலேருந்தும் வந்தாங்க. எத்தனை வாய் கெடச்சுது? ஒரு நத்தை. அதையும் நீ எனக்குக் குடுத்துட்டே."

நாச்சி போய்விட்டாள். ஒன்பது பிள்ளைக்கும் செவந்தி ஒருத்தி. பெற்றவர்கள் மாலையில் வருவது இருட்டிய பிறகு வருவதாக ஆயிற்று. "வழியில நாலு பேரைப் பாத்தேன், பேசிட்டு நின்னுட்டேன்" என்பாள் பங்கஜம். கடைசிப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, இப்போதாவது ஒரு நடை போகலாம் என்று செவந்தி கூட்டுக்குத் திரும்பினால், பொட்டு தூங்கிப் போயிருப்பாள்.

ஒரு மாலை பங்கஜம் தன் பிள்ளையின் வாயில் இறகைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது? எம் பிள்ளைக்கு மயிரைப் போடறியா?"

"முள்ளு குத்தாம இருக்கத்தான்க்கா."

"நல்லாருக்குடி உன் வைத்தியம். நாளையிலேருந்து வெறும் மீனைக் குடு. பிள்ளை பாக்கறேன்னு உக்காந்துக்கிட்டு நீயா ஒண்ணு கண்டுபிடிக்காதே."

 செவந்தி மறுநாளும் இறகு வைத்தாள். பிள்ளை அவளுக்கு முக்கியம்.

அதைப் பார்த்த பங்கஜம் நேராக நாட்டாமையிடம் போனாள். நாட்டாமை ஒரு நீலக்கோழி. பெரிய உடம்பு, பெரிய சிவப்பு அலகு, பிள்ளை பக்கமே போகாத ஆள். அவர் வாலைச் சுண்டிச் சுண்டி நடந்து வந்து கோரைப் புதரை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இப்படிப் புதருக்குள்ள வெச்சிருந்தா பிள்ளைங்க என்ன ஆகுதுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாரும் பாக்கிற மாதிரி நடுக்குளத்துல வெச்சுக்கோ. ஒரு பிள்ளைக்கு ஓர் இலை. தனித்தனியா உக்காரணும். எண்ணிப் பாக்க வசதியா இருக்கும்."

"ஐயா, நடுக்குளத்துல மறைவே இல்லீங்களே."

"மறைவு எதுக்கு? நல்லது செய்யறவளுக்கு மறைவு எதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இலைக்கோழி அண்ணன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாட்டாமை அவர் பக்கம் திரும்பியதும் இருமுவது போல இருமிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

மறுநாள் நடுக்குளத்தில் தாமரை இலை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பிள்ளை உட்கார்ந்தது. எண்ணிப் பார்க்க வசதியாகத்தான் இருந்தது. பருந்துக்கும் அப்படியே.

பொட்டுவுக்கு இலை கிடைக்கவில்லை. நாட்டாமையின் கணக்கில் அவள் வரவில்லை. அவள் இலைகளுக்கு நடுவே தண்ணீரில் மிதந்தாள்.

நிழல் ஒன்று குளத்தின் மேல் ஓடியது.

செவந்தி ஒரே ஒரு சீழ்க்கை அடித்தாள். பக்கத்து இலைகளில் இருந்த நான்கு பிள்ளைகள் எப்போதும் பழகினபடி அவள் முதுகுக்குத் தாவின. "இலைக்கு அடியில போங்க" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள். வாத்துக் குஞ்சுகள் தண்ணீரில் குதித்து இலைக்குக் கீழே ஒடுங்கின. பங்கஜத்தின் சின்னவன் மட்டும் பயத்தில் அசையவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பொட்டு இருந்தாள். செவந்தி அதைப் பார்த்தாள். பருந்து கால்களை நீட்டிக்கொண்டு இறங்குவதையும் பார்த்தாள். முதுகில் நான்கு பேர். நான்கு பேரும் யாரோ நம்பி ஒப்படைத்தவர்கள்.

அவள் முங்கினாள்.

தண்ணீருக்குள் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு முட்டுகிற வரைக்கும் போய்க் கோரைக்குள் எழுந்தாள். நான்கு பேரையும் இறக்கினாள். திரும்பிப் பார்த்தாள். பருந்து காலில் எதுவும் இல்லாமல் உயரே போய்க்கொண்டிருந்தது. சின்னவன் இருந்த இலை கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் மேல் யாரும் இல்லை.

"பொட்டு" என்று கூப்பிட்டாள்.  அவள் சீழ்க்கை அடித்தாள். பதில் இல்லை. மறுபடி அடித்தாள்.

தூரத்தில், அக்கரை பக்கமாக, தண்ணீர் சலசலத்தது. தலையில் ஒரு பாசி இழையோடு பொட்டு மேலே வந்தாள். அவள் அலகு, சின்னவனின் காலைக் கவ்விக்கொண்டிருந்தது. சின்னவன் தண்ணீரைத் துப்பித் துப்பி அழுதான்.

"அம்மா, நானே முங்கினேம்மா" என்றாள் பொட்டு. "இவனையும் இழுத்துக்கிட்டு."

செவந்தி அவளை அலகால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளை பிழைத்ததில் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த கையோடு ஒன்று புரிந்தது. தானாக முங்கத் தெரிந்த பிள்ளைக்கு இனி முதுகு எதற்கு? முதுகுக் காலம் முடிந்துவிட்டது. அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அன்று மாலை நடந்ததைக் கேட்டுவிட்டுப் பங்கஜம் சொன்னாள். "நீ சரியாப் பாத்திருந்தா அவன் ஏன் பயப்படறான்?"

 மறுநாள் விடியும்போது செவந்தி கூட்டில் இல்லை.

பொட்டுவை அழைத்துக்கொண்டு அவள் அக்கரைக்குப் போயிருந்தாள். அல்லிகள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. அவள் இரண்டு இறக்கையையும் கொஞ்சம் தூக்கினாள். நடுவில் அந்தப் பள்ளம் விழுந்தது. வெறுமையாக இருந்தது.

"பொட்டு, இன்னிக்கு எடம் இருக்கு. ஏறிக்கிறியா?"

பொட்டுவின் கண் ஒரு தும்பி மேல் இருந்தது. "நானே நீந்துறேம்மா" என்றாள். சொல்லிவிட்டு முங்கினாள். மேலேயிருந்து பார்க்க ஆசைப்பட்ட அல்லிகளை அவள் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்தாள். நீள நீளமான தண்டுகள்.

செவந்தி இறக்கையை மெல்ல இறக்கிக்கொண்டாள்.

பொழுது உச்சிக்கு வந்தபோது, இலை இலையாகத் தாவிக்கொண்டு இலைக்கோழி அண்ணன் வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, நீ வரலைன்னதும் பங்கஜம் என்ன சொன்னா தெரியுமா? சும்மா பாத்துக்கிறதுதானே, நானே பாத்துக்கறேன்னு சொன்னா. வெயில் ஏறறதுக்குள்ள வாத்துப் பிள்ளைங்க நாலு பக்கம் ஓடிடுச்சு. எங்க பிள்ளையை அவ பிள்ளை கொத்திடுச்சு. கத்திக் கத்தி அவளுக்குக் குரலே போயிடுச்சு."

"அதுக்கு நான் என்னண்ணே பண்றது?"

"அது இல்லம்மா. சின்னவனுக்கு மீன் குடுத்திருக்கா, வெறும் மீன். முள்ளு தொண்டையில நிக்குது. மூச்சு விட முடியலை."

செவந்தி அதற்கு மேல் கேட்கவில்லை. முங்கினாள். பொட்டுவும் பின்னாலேயே முங்கினாள்.

கரையோரம் கூட்டமாக இருந்தது. பங்கஜத்தின் மடியில் சின்னவன் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தான். செவந்தி நெஞ்சில் அலகை வைத்து இறகு தேடினாள். கிடைக்கவில்லை. ஒன்பது பிள்ளைக்கும் தினம் தினம் பிடுங்கிக் கொடுத்து, அவள் நெஞ்சு முழுக்கத் தோல்தான் தெரிந்தது. பங்கஜம் அதை அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

அடிவயிற்றில் மிஞ்சியிருந்த இறகுகளில் ஒன்றைச் செவந்தி பிடுங்கினாள். நனைத்து உருட்டிச் சின்னவனின் தொண்டைக்குள் தள்ளினாள். இன்னொன்று. இன்னும் ஒன்று. சின்னவன் விக்கினான். இறகோடு சேர்ந்து முள் உள்ளே போயிற்று. அவன் மூச்சை இழுத்து, ஓவென்று அழுதான்.

"அழட்டும். அழுதா நல்லதுதான்" என்றாள் செவந்தி.

 நாட்டாமை வாலைச் சுண்டுவதை நிறுத்தியிருந்தார். இலைக்கோழி அண்ணன்தான் பேசினார், அன்றைக்கு இருமி விழுங்கிய பேச்சை.

"நான் மூணு பிள்ளையை றெக்கைக்குள்ள இடுக்கிக்கிட்டு நடந்தவன். அந்தக் கனம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாள்கூட நான் இவகிட்ட, உன் பிள்ளை எங்கே உக்காருதுன்னு கேக்கலை. நீங்க யாராவது கேட்டீங்களா?"

பங்கஜம் தலையைக் குனிந்தாள். நெற்றி நாமம் தண்ணீரைத் தொட்டது.

"என்ன வேணும்னு சொல்லு செவந்தி" என்றாள், போன குரலில். "மீனா, நெல்லா, எதுவானாலும் மறக்காமக் கொண்டாறோம்."

"அது கொண்டாங்க. பேசினதுதானே" என்றாள் செவந்தி. "பிள்ளைங்க கோரைக்குள்ளதான் இருக்கும். எண்ணிப் பாக்க ஆசைப்படறவங்க உள்ள வந்து எண்ணிக்கட்டும். நாச்சியைத் திரும்பக் கூப்பிடுங்க. அவளுக்கும் வேளாவேளைக்கு இரை வேணும். அப்புறம், தினம் காலையில சூரியன் கரையில நிக்கிற பனை உச்சிக்கு ஏறற வரைக்கும் உங்கள்ல ஒருத்தர் முறை வெச்சு இங்க இருக்கணும். அது வரைக்கும் என் முதுகு எனக்கு வேணும்."

"எதுக்கு?" என்றார் நாட்டாமை.

"எம் பிள்ளைக்கு."

எல்லாரும் பொட்டுவைப் பார்த்தார்கள். அவள் தூரத்தில் முங்கி எழுந்துகொண்டிருந்தாள். அம்மாவின் உடம்பில் முக்கால்வாசி இருந்தாள். முகத்துக் கோடுகள் மங்க ஆரம்பித்திருந்தன. இந்தப் பிள்ளைக்கு இனி முதுகு எதற்கு என்று பங்கஜம் கேட்கப் போனாள். செவந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

"நாளைக்கு என் முறை" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடியே மறுநாள் விடியலில் பங்கஜம் வந்தாள். பிள்ளைகளைக் கோரைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அலகில் தன் நெஞ்சிலிருந்து பிடுங்கின கறுப்பு இறகுகள் நாலைந்து இருந்தன.

செவந்தி குளத்தின் நடுவில் தனியாக மிதந்தாள். முதுகில் யாரும் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு முதுகு லேசாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பொட்டு தும்பி பிடிக்கப் போயிருப்பாள். போகட்டும். அவள் வயசு அது. பனை உச்சிக்குச் சூரியன் ஏற இன்னும் நேரம் இருந்தது.

பக்கத்தில் தண்ணீர் கலைந்தது. ஒரு தலை மேலே வந்தது.

"அம்மா, இன்னிக்கு எனக்கு எடம் இருக்கா?"

செவந்தி இறக்கைகளைத் தூக்கிக் கொடுத்தாள். பொட்டு காலை வைத்து, வழுக்கி, மறுபடி வைத்து, ஒரு வழியாக ஏறி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செவந்தியின் கழுத்து வரைக்கும் தண்ணீர் ஏறியது.

"அம்மா, நான் கனம். முழுகறோம்மா."

"முக்குளிப்பானுக்கு முழுகறது புதுசா என்ன? கெட்டியாப் பிடிச்சுக்கோ."

பிடரியில் ஒரு சின்ன அலகு வந்து அழுத்தியது. செவந்தி அல்லிப் பக்கமாகத் திரும்பி, மெதுவாக, ரொம்ப மெதுவாகக் காலை உதைத்தாள்.

பிள்ளை பார்ப்பது சும்மா நடக்கிற வேலை இல்லை; நம் பிள்ளையைச் சுமக்கிறவள் தன் பிள்ளையையும் சுமக்கும்படி நேரம் விட்டுத்தர வேண்டியது நம் பொறுப்பு, அதுவும் அந்தப் பிள்ளை வளர்ந்துவிடுவதற்கு முன்னாலேயே.